அயோவா ஆஃபென்ஸ் ஏன் இப்படித் தள்ளாடுகிறது? குவார்டர்பேக்கைத் திட்டி என்ன பயன்?

கின்னிக் வடக்கு மூலை (22 அக்டோபர் 2023)

நேற்று அமெரிக்கன் ஃபுட்பால் கல்லூரி ஆட்டத்தில் நம் அயோவா பல்கலைக்கழக அணி, மினசோட்டாவிடம் 12-10 என்று தோற்றோம். கடைசி ஒன்றரை நிமிடத்தில் நம் கூப்பர் டிஜீன் பன்ட்டை (எதிரணி நம் பக்கம் உதைத்துத் தள்ளும் பந்து) எடுத்து ஓடிப் போட்ட டச்டவுனை (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் எடுக்கும் புள்ளி) ரத்து செய்தது பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. இடது கையை ஆட்டினாராம், அது முறையற்ற ஃபேர் கேட்ச் (பிடித்தபின் ஓட மாட்டேன் என்னும்) சைகையாம். அந்தச் சண்டைக்கு ஏற்கெனவே தனி இழை ஓடுகிறது, அங்கே போய்ப் போடுங்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. இரண்டாம் பாதி முழுக்க நம் ஆஃபென்ஸ், அதாவது பந்து நம்மிடம் இருக்கும்போது ஆடும் பிரிவு, முன்னேறியது 12 யார்டு. பன்னிரண்டு! மொத்த ஆட்டத்துக்கும் 127. மினசோட்டா நம் ஊருக்கு வந்து ஜெயித்தது 1999க்குப் பிறகு இதுதான் முதல் தடவை. அது கர்க் ஃபெரென்ட்ஸ் தலைமைக் கோச்சாக வந்த முதல் வருடம்.

நம் குவார்டர்பேக் (பந்தை வாங்கிப் பாஸ் வீசுபவர்) டீக்கன் ஹில் 28 பாஸ் வீசினார், கைக்குச் சேர்ந்தது 10. அதை வைத்துக் காலையிலிருந்து எல்லோரும் அவரை வறுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் கேட்பது இதுதான்: குவார்டர்பேக்கை மாற்றினால் இது சரியாகிவிடுமா? கொஞ்சம் நிதானமாகப் பேசுவோம்.

சிகாகோ மாமா

நிதானமாகவே சொல்கிறேன். பத்து யார்டில், தடுக்க ஆளே இல்லாமல் நிற்கிற ரிசீவருக்கு (பாஸ் பிடிப்பவருக்கு) தலைக்கு மேலே வீசுகிறார். இல்லாவிட்டால் காலடியில் குத்துகிறார். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்று தவறவிடுகிறார். இதில் கோச் என்ன செய்ய முடியும்? எந்த ப்ளே (ஆட்டத் திட்டம்) கொடுத்தாலும் கடைசியில் பந்து ஒருவர் கையிலிருந்துதான் போக வேண்டும்.

லைன்மேன்

மாமா, ஹில் சுமார்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் ஆட வந்ததே செப்டம்பர் 30இல் மிச்சிகன் ஸ்டேட் ஆட்டத்தில் முதல் குவார்டர்பேக் கேட் மெக்னமாராவின் முழங்கால் தசைநார் கிழிந்த பிறகுதான். அதற்கு முன்பு என்ன வாழ்ந்தது? செப்டம்பர் 23, பென் ஸ்டேட்டிடம் 31-0 தோல்வி. மொத்தம் 76 யார்டு, நான்கே நான்கு ஃபர்ஸ்ட் டவுன் (டவுன் என்றால் முயற்சி; நான்கு டவுனுக்குள் பத்து யார்டு நகர்ந்தால் மறுபடி முதல் டவுன்). அன்றைக்கு மெக்னமாராதான் ஆடினார்.

அவர் யார்? 2021இல் மிச்சிகனை பிக் டென் (நாம் ஆடும் லீக்) சாம்பியன் ஆக்கியவர். அந்த இறுதி ஆட்டத்தில் 42-3 என்று உதை வாங்கியது நாம்தான். அங்கே 64 விழுக்காடு பாஸ்கள் சேர்ந்தவருக்கு இங்கே வந்ததும் 51. ஆகஸ்ட் பயிற்சியிலேயே தொடையில் அடிபட்டுவிட்டது, அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். இருந்தாலும் அவ்வளவு பெரிய சரிவுக்குத் தொடை மட்டும் காரணமாக இருக்க முடியாது.

அவருக்கு முன்னால் ஸ்பென்சர் பெட்ராஸ். போன வருடம் ஆட்டத்துக்கு 251 யார்டு, 131 அணிகளில் 130ஆவது இடம். மூன்று குவார்டர்பேக்குகள், வெவ்வேறு உடல்வாகு, வெவ்வேறு கை. விளைவு மட்டும் ஒன்றே.

ஓரமாப் பார்ப்பவன்

அயோவா சிட்டிக்குப் படிக்க வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, அறைத் தோழர்கள் இழுத்துப் போய் ஆட்டம் பார்க்க வைக்கிறார்கள். ஒரு சந்தேகம், சிரிக்காதீர்கள். இவ்வளவு மோசமான ஆஃபென்ஸ் வைத்துக்கொண்டு 8 ஆட்டத்தில் 6 எப்படி ஜெயித்தார்கள்?

பன்ட் ரசிகன்

சிரிக்கவே மாட்டோம் தம்பி, இந்த ஊரில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான்.

டிஃபென்ஸ் கோச் ஃபில் பார்க்கர். அவருடைய ஆட்கள் எதிரணியை 15 புள்ளிகளைத் தாண்ட விடுவதே அரிது. அப்புறம் நம் பன்ட் உதைப்பவர் டோரி டெய்லர், மெல்பர்னிலிருந்து வந்த ஆஸ்திரேலியர். அவர் உதைத்தால் பந்து எதிரணியின் பத்து யார்டு கோட்டுக்குள்தான் போய்ப் படுக்கும். அங்கிருந்து அவர்கள் 90 யார்டு நகர்ந்து வர வேண்டும், எதிரே பார்க்கரின் படை. தவறு செய்வார்கள். அந்தத் தவறில் நமக்கு மூன்று புள்ளியோ ஏழு புள்ளியோ கிடைக்கும். உனக்குக் கிரிக்கெட் தெரியும் என்றால் இப்படி வைத்துக்கொள்: 140 ரன் அடித்துவிட்டு, எதிரணியை 120க்குள் சுருட்டுகிற பவுலிங்கை நம்பியே வருடா வருடம் டெஸ்ட் ஆடுகிற அணி.

2022 முதல் ஆட்டத்தைத் தேடிப் பார். சவுத் டகோட்டா ஸ்டேட்டை 7-3 என்று ஜெயித்தோம். ஏழு என்றதும் டச்டவுன் என்று நினைக்காதே. ஒரு ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி), இரண்டு சேஃப்டி. பந்து வைத்திருக்கும் எதிரணி ஆளை அவனுடைய எண்ட் ஜோனுக்குள்ளேயே (அவன் பக்கத்துக் கடைசிக் கோட்டுக்குப் பின்னால் உள்ள பகுதி) மடக்கிப் பிடித்தால் இரண்டு புள்ளி, அதன் பெயர் சேஃப்டி. அதாவது ஏழில் நான்கை டிஃபென்ஸ் போட்டது.

மாடிசன்காரன்

விஸ்கான்சின் ஆள் பேசுகிறேன், விரட்டிவிடாதீர்கள். எட்டு நாள் முன்பு எங்களை 15-6 என்று ஜெயித்தீர்கள். அதில் ஹில்லின் மொத்தப் பாஸ் 37 யார்டு. டோரி டெய்லரின் பத்து பன்ட் சேர்ந்து 506 யார்டு. தோற்று வெளியே வரும்போது என் பக்கத்தில் இருந்தவர், "நாம் ஒரு உதைகாரனிடம் தோற்றோம்" என்றார். ஹில் முதலில் எங்கள் அணியில் இருந்தவர் என்பது கூடுதல் வயிற்றெரிச்சல்.

கின்னிக் வடக்கு மூலை

லைன்மேன் சொன்னதற்கு மறுபக்கமும் உண்டு. இங்கிருந்து வெளியே போனவர்களைப் பாருங்கள்.

சார்லி ஜோன்ஸ். 2021இல் நம் அணியில் மொத்தம் 21 கேட்ச். நாம் அவரைப் பன்ட் பிடிக்கிற ஆளாகத்தான் பெரும்பாலும் பார்த்தோம். அடுத்த வருடம் பர்டியூவுக்கு மாறினார். 110 கேட்ச், 1,361 யார்டு, 12 டச்டவுன்! அதே கால், அதே கை. அந்த வருடம் பிக் டென்னில் நம் வெஸ்ட் பிரிவை ஜெயித்ததும் பர்டியூதான்.

சாம் லபோர்ட்டா. போன சீசன் முழுக்க நமக்கு இருந்த ஒரே நம்பகமான ரிசீவர், 58 கேட்ச், அதில் டச்டவுன் ஒன்றே ஒன்று. இப்போது டெட்ராய்ட் லயன்ஸில் முதல் வருடமே வெளுத்து வாங்குகிறார். கிட்டில், ஹாக்கன்சன், ஃபேண்ட், லபோர்ட்டா என்று வரிசையாக டைட் எண்ட்களை (தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்பவர்கள்) தொழில்முறை லீகான என்எஃப்எல்லுக்கு அனுப்புகிற ஊர் இது. ஆள் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சிகாகோ மாமா

அந்த டைட் எண்ட் கதையை இந்த வருடத்துக்குச் சொல்லாதீர்கள். லூக் லேச்சி மூன்றாவது ஆட்டத்தில் கணுக்கால் போய் உட்கார்ந்தார். எரிக் ஆல் விஸ்கான்சின் ஆட்டத்தில் முழங்கால் போய் உட்கார்ந்தார். குவார்டர்பேக்கும் போனார். முதல் வரிசையில் இவ்வளவு பேரை இழந்துவிட்டு எந்த அணி நிமிர்ந்து நின்றிருக்கிறது?

இன்னொன்று. எல்லோரும் திட்டுகிற இதே ஆஃபென்ஸ் கோச் பிரையன் ஃபெரென்ட்ஸ்தான் 2017இல் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிராக 55 புள்ளி எடுத்தபோது ப்ளே போட்டவர். 55-24. குவார்டர்பேக் நேட் ஸ்டான்லி அன்று ஐந்து டச்டவுன் பாஸ். மனிதருக்கு ஒன்றுமே தெரியாது என்று எப்படிச் சொல்வீர்கள்?

லைன்மேன்

மாமாவுக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சாப்பிட்டுவிட்டு வந்து படியுங்கள்.

நம் ஆஃபென்ஸின் அடித்தளம் அவுட்சைட் ஜோன் ரன். முன்வரிசையில் தடுக்கும் ஐந்து லைன்மேன்களும் ஒரே பக்கமாகச் சரிந்து ஓடுவார்கள், பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் அந்த அலைக்குப் பின்னால் போய் எங்கே இடைவெளி திறக்கிறதோ அங்கே நுழைவார். இது ஓடுகிற வரைக்கும் மற்ற எல்லாம் ஓடும். எதிரணியின் லைன்பேக்கர்கள் (இரண்டாம் வரிசைத் தடுப்பாளர்கள்) ரன்னைத் தடுக்க முன்னால் பாய்வார்கள், குவார்டர்பேக் பந்தைக் கொடுப்பது போல ஏமாற்றிவிட்டு எதிர்ப்பக்கம் ஓடி, அவர்கள் விட்டுவந்த இடத்தில் டைட் எண்டுக்கு எறிவார். 2017இல் ஒஹாயோ ஸ்டேட்டைத் திணறடித்தது பெரும்பாலும் இந்த ஏமாற்று வேலைதான்.

இதற்கு இரண்டு விஷயம் கட்டாயம் வேண்டும். ஒன்று, லைன். டிரிஸ்டன் வெர்ஃப்ஸ் 2020இல் என்எஃப்எல் போனார், டைலர் லிண்டர்பாம் 2022இல் போனார். இரண்டு பேருமே முதல் சுற்றுத் தேர்வு. அவர்கள் இடத்தில் வந்த பையன்கள் சிறியவர்கள், வேகாத கஞ்சிதான். ரன் ஓடவில்லை என்றால் லைன்பேக்கர் ஏன் ஏமாறப் போகிறான்? அவன் பாட்டுக்கு நிற்கிறான், எட்டுப் பேரை முன்னால் குவிக்கிறார்கள், டைட் எண்ட் நிற்க வேண்டிய இடத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறான்.

இரண்டு, கால் உள்ள குவார்டர்பேக். பெட்ராஸ் ஆறடி ஐந்து அங்குலம், நின்ற இடத்தில் நிற்பவர். ஹில் 250 பவுண்டுக்கு மேல். கை பலமான கைதான், ஆனால் அவரைப் பக்கவாட்டில் ஓடவிட்டு எறியச் சொன்னால் எறியும்போதே ஒருவன் இடுப்பைப் பிடித்திருப்பான். மெக்னமாராவால் முடியும், அவர் தொடைக்காயத்தோடு ஆடினார். ஆக ப்ளே புத்தகத்தில் இருப்பது ஓர் ஆட்டம், களத்தில் நிற்பவர்களுக்குத் தெரிந்தது வேறோர் ஆட்டம்.

சரி, லைன் பலவீனம், குவார்டர்பேக் ஓட மாட்டார். நல்ல ஆஃபென்ஸ் கோச் என்ன செய்வார்? பந்து வாங்கியதும் இரண்டு நொடிக்குள் பக்கவாட்டில் எறியச் சொல்வார். ரிசீவர்களைப் பரப்பி நிறுத்துவார். ஆளை நகர்த்திக் காட்டி எதிரணி என்ன திட்டம் வைத்திருக்கிறது என்று குவார்டர்பேக்குக்கு முன்கூட்டியே தெரியவைப்பார். நம்மிடம் இவை எல்லாம் அபூர்வம். மூன்றாவது டவுனில் எட்டு யார்டு வேண்டியிருக்கும், நாம் நான்கு யார்டில் ஒருவரை நிறுத்தி அவருக்கு எறிவோம். பிறகு டோரி உள்ளே வருவார்.

இன்னொன்றையும் யாரும் பேசுவதில்லை. கென் ஓ'கீஃப் 2022 தொடக்கத்தில் விலகிய பிறகு குவார்டர்பேக்குகளுக்கும் பிரையனே பயிற்சி கொடுக்கிறார். பிரையன் அயோவாவில் ஆடியது லைனில். என்எஃப்எல் அணி பேட்ரியட்ஸில் டைட் எண்ட் கோச், திரும்பி வந்து இங்கே லைன் கோச். திறமைசாலி, சந்தேகமில்லை. ஆனால் குவார்டர்பேக்கின் கால் வைப்பு, கண் பார்வை இதெல்லாம் தனிக் கலை. மூன்று பேருமே இங்கே இருக்க இருக்க மங்கியது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

ஓரமாப் பார்ப்பவன்

நன்றி, பாதி புரிந்தது, மீதியை ஆட்டம் பார்த்துப் புரிந்துகொள்கிறேன். அறையில் எல்லோரும் "325" என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்களே, அது என்ன?

கின்னிக் வடக்கு மூலை

பிரையன் ஃபெரென்ட்ஸ் தலைமைக் கோச்சின் மகன். அப்பாவுக்குக் கீழே மகன் நேரடியாக வேலை செய்யக் கூடாது என்பதால் காகிதத்தில் அவர் அத்லெடிக் டைரக்டருக்கு (பல்கலைக்கழக விளையாட்டுத் துறைத் தலைவர்) கட்டுப்பட்டவர். அந்தப் பதவியில் அப்போது கேரி பார்ட்டா. போன சீசன் கேவலத்துக்குப் பிறகு, பிப்ரவரியில், வேலையை விட்டு எடுக்காமல் ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். சம்பளத்தில் 50,000 டாலர் வெட்டு, இனி 8,50,000. ஏழு ஆட்டமாவது ஜெயிக்க வேண்டும், ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி எடுக்க வேண்டும். 13 ஆட்டத்துக்கு 325. எட்டாவிட்டால் ஒப்பந்தம் அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், டிஃபென்ஸ் போடுகிற புள்ளியும் இதில் சேர்த்தி! மகன் வேலை தப்பிக்கப் பார்க்கர் ஆட்கள் டச்டவுன் போட்டாலும் செல்லும்.

இன்றைக்குக் கணக்கு: எட்டு ஆட்டத்தில் 156. மீதி ஐந்தில் 169 வேண்டும், ஆட்டத்துக்கு ஏறக்குறைய 34. நேற்று நாம் எடுத்தது 10.

மட்டுறுத்துநர்

குடும்பத்தைப் பற்றிய மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். கோச் வேலையைத் தாராளமாக விமர்சியுங்கள், வீட்டு விஷயம் வேண்டாம்.

பன்ட் ரசிகன்

நீக்கியது சரி. ஆனால் குடும்பம் என்கிற விஷயத்தை முழுக்கத் தவிர்த்துவிட்டு இந்த இழையைப் பேச முடியாது. வேறு எந்தக் கல்லூரியிலும் 130ஆவது இடத்தில் இருக்கிற ஆஃபென்ஸ் கோச் மறுவருடம் இருப்பாரா? இங்கே இருந்தார். அதே சமயம் கர்க்கையும் முழுதாகக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர் கணக்கில் இது பிழையே இல்லை. டிஃபென்ஸ் இருக்கிறது, பன்ட் இருக்கிறது, ஆஃபென்ஸ் பந்தைத் தொலைக்காமல் இருந்தால் போதும். அந்தக் கணக்கு வருடா வருடம் ஜெயித்துக் கொடுத்திருக்கிறது. ஜெயிக்கிற ஆளிடம் போய் மாற்று என்று சொன்னால் எப்படிக் கேட்பார்?

லைன்மேன்

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். குவார்டர்பேக்கிடம் "தப்புப் பண்ணாதே" என்று மட்டுமே சொல்லி வளர்த்தால் அவன் எறிய வேண்டிய பந்தையும் எறிய யோசிப்பான். அந்த அரை நொடித் தயக்கம்தான் மாமா பார்க்கிற "தலைக்கு மேலே வீசுகிறார்".

சிகாகோ மாமா

தயக்கமா? ஆளே இல்லாத இடத்தில் நிற்கிறவனுக்கு எறிய என்ன தயக்கம் ஐயா. சும்மா தத்துவம் பேசாதீர்கள்.

மாடிசன்காரன் (31 அக்டோபர் 2023)

செய்தி பார்த்தீர்களா? இடைக்கால அத்லெடிக் டைரக்டர் பெத் கெட்ஸ் நேற்று அறிவித்துவிட்டார், இந்த சீசனோடு பிரையன் இல்லை. இன்னும் நான்கு ஆட்டம் பாக்கி இருக்கும்போதே!

கின்னிக் வடக்கு மூலை

பார்த்தேன். 325 வரும்வரை காத்திருக்கவே இல்லை. ஒரு மனிதரின் வேலையைப் புள்ளிக்கணக்காக்கி நாடு முழுக்கச் சிரிக்க வைத்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. போன பிப்ரவரியிலேயே கௌரவமாக அனுப்பியிருக்கலாம்.

ஓரமாப் பார்ப்பவன் (25 நவம்பர் 2023)

நார்த்வெஸ்டர்னை ரிக்லி ஃபீல்டில் 10-7, கடைசி 14 நொடியில் 53 யார்டு ஃபீல்ட் கோல். ரட்கர்ஸ் 22-0. இல்லினாய் 15-13. நேற்று நெப்ராஸ்கா 13-10, அதுவும் கடைசி உதையில். 10-2, வெஸ்ட் பிரிவு நமக்கு! எனக்கு இப்போது இந்த ஆட்டம் பிடித்துவிட்டது, நல்லதா கெட்டதா தெரியவில்லை.

பன்ட் ரசிகன்

வந்துவிட்டாயா எங்கள் கட்சிக்கு. மாமா பெருமையாகச் சொன்ன அந்த 55 புள்ளி ஆட்டம் 2017 நவம்பர் 4. ரிக்லியில் 10 புள்ளி எடுத்ததும் நவம்பர் 4. ஆறு வருடத்தில் இறங்கிய உயரம் அது.

லைன்மேன் (2 ஜனவரி 2024)

பிக் டென் இறுதியில் மிச்சிகனிடம் 26-0. நேற்று சீசன் முடிவு ஆட்டமான சிட்ரஸ் பவுலில் டென்னசியிடம் 35-0. கடைசி இரண்டு ஆட்டத்தில் ஒரு புள்ளி இல்லை. 14 ஆட்டத்துக்கு 216, சராசரி 15.4. நாட்டிலேயே கடைசி ஆஃபென்ஸ். ஹில் 5 டச்டவுன், 8 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட பாஸ்), எறிந்ததில் பாதிகூடச் சேரவில்லை. ஆனால் 10-4. டோரி டெய்லர் ஒரே சீசனில் 4,479 யார்டு பன்ட் செய்து தேசிய சாதனை.

நல்ல அணிகளுக்கு எதிராக நம் சூத்திரம் எங்கே உடைகிறது என்று இந்த இரண்டு ஆட்டமும் காட்டிவிட்டன. அவர்கள் தவறு செய்வதில்லை. தவறுக்காகக் காத்திருக்கிற அணி அங்கே காத்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான்.

கின்னிக் வடக்கு மூலை (12 ஜனவரி 2025)

ஒரு வருடம் கழித்து இழையைத் தூக்குகிறேன், ஏனென்றால் இப்போது ஒப்பிட ஆதாரம் இருக்கிறது. புது ஆஃபென்ஸ் கோச் டிம் லெஸ்டர் வந்தார். தலைமைக் கோச் அதே கர்க். ஆட்டத்துக்கு 27.7 புள்ளி. கேலெப் ஜான்சன் 1,537 யார்டு ஓடி 21 டச்டவுன். அவர் ஒன்றும் புதிதாக வந்தவர் இல்லை, முந்தைய இரண்டு வருடமும் இதே அணியில் இருந்தவர்தான். ஆட்களை நகர்த்திக் காட்டி ரன் போட்டார்கள், லைன் பையன்களும் ஒரு வருடம் முதிர்ந்தார்கள். பெட்ராஸோ யூட்டா ஸ்டேட் போய் இந்த சீசனில் 2,000 யார்டுக்கு மேல் வீசியிருக்கிறார்.

சிகாகோ மாமா

ரன் சரி. பாஸ்? மெக்னமாரா மறுபடி அடிபட்டார், அவருக்குப் பின் இரண்டு பேர் ஆடினார்கள், பாஸ் ஆட்டம் நாட்டின் கடைசி வரிசையில்தான் கிடந்தது. கோச் மாறியும் குவார்டர்பேக் சரியில்லை என்றால் பாஸ் ஓடாது. நான் முதல் நாளே சொன்னது இதுதானே?

லைன்மேன்

பாதி ஒப்புக்கொள்கிறேன். கோச் மாறியதில் பத்துப் பன்னிரண்டு புள்ளி கூடியது. மீதி வேண்டுமானால் ஆள் வேண்டும். இப்போது மார்க் கிரொனோவ்ஸ்கி வருகிறார், சவுத் டகோட்டா ஸ்டேட்டில் இரண்டு தேசியப் பட்டம் எடுத்தவர். முக்கியமாக ஓடத் தெரிந்தவர். அந்த 7-3 ஆட்டத்தில் நம் டிஃபென்ஸிடம் சிக்கித் திணறிய குவார்டர்பேக் அவர்தான்.

பன்ட் ரசிகன்

அவர் அன்று திணறியது ஃபில் பார்க்கரிடம். இங்கே வந்தால் பார்க்கரோடு தினமும் பயிற்சியில் மோத வேண்டும், பாவம். எனக்கு வேறு கவலை: டோரி என்எஃப்எல் அணியான சிகாகோ பேர்ஸுக்குப் போய்விட்டார். நாலாவது டவுனில் பன்ட் வரும்போது எழுந்து நின்று கைதட்ட இனி யார் இருக்கிறார்கள்?

சிகாகோ மாமா

கவலைப்படாதீர்கள், எங்கள் ஊரில் அவருக்கு வேலை நிறைய இருக்கிறது. பேர்ஸ் ஆஃபென்ஸும் அப்படித்தான் ஆடுகிறது.